துப்பு ஆடு

அத்தைக்கு அந்தப் பெயரை வைத்தவர் என் வீட்டுக்காரர்தான். கூப்பிடாமலேயே சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிற அத்தை எந்தக் குடும்பத்தில்தான் இல்லை? எங்கள் அத்தைக்கு நான்கு கால். கழுத்தில் ரேடியோ பட்டை கட்டிய, காது நுனி கறுத்த வெள்ளாடு. தீவின் எந்த மூலையில் இன்னொரு ஆடு ஒளிந்திருந்தாலும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அது போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இவர் துப்பாக்கியோடு போய்ச் சேருவார். அத்தையை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சுட்டுவிட்டு வருவார். அத்தை நாலைந்து நாள் அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றிக் கத்தும். பிறகு வேறு உறவு தேடிக் கிளம்பும்.

"போற வீட்டுக்கெல்லாம் எமனையும் கூட்டிட்டுப் போகுது பாவம், அதுக்கே தெரியாது," என்று ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார். பிற்பாடு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

இது அரசாங்கத் திட்டம். நகரத்தில் உட்கார்ந்துகொண்டு "ஐயோ பாவம் ஆடு" என்று பத்திரிகைக்கு எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தீவில் ஒரு காலத்தில் கொஞ்சம் பேர் குடியிருந்தார்கள். போகும்போது ஆடுகளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இருபதோ முப்பதோ, மூவாயிரமாகப் பெருகிவிட்டது. நாங்கள் வேலைக்குப் போய் இறங்கியபோது மலை மொட்டையாக நின்றது. புதரை வேரோடு தின்றிருந்தன. மழை பெய்தால் மண் அப்படியே சரிந்து கடல் பழுப்பாகிவிடும். தரையில் முட்டையிடும் ஒரு பறவை, உலகத்திலேயே அங்கே மட்டும்தான் இருக்கிறது, அதன் முட்டைகள் மண்ணோடு உருண்டு பாறையில் உடைந்து கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆடுகள் போகத்தான் வேண்டும். அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

முதல் இரண்டு வருஷம் ஹெலிகாப்டரில் வந்து சுட்டார்கள். தப்பித்த ஆடுகள் உஷாராகிவிட்டன. விசிறிச் சத்தம் காதில் விழுந்ததுமே குகைக்குள் போய்விடும். அப்போதுதான் மேலிடத்தில் யாருக்கோ இந்த யோசனை வந்தது. ஆட்டைக் கண்டுபிடிக்க மனிதனைவிட ஆடே மேல். ஆடு தனியாக இருக்காது, இருக்கவும் முடியாது. ஆறு பெட்டை ஆடுகளைப் பிடித்து, குட்டி போடாதபடி அறுவை செய்து, பட்டை கட்டி அவிழ்த்துவிட்டார்கள். கோப்பில் அதற்கு "வழிகாட்டி விலங்கு" என்று கௌரவமாகப் பெயர். நாங்கள் துப்பு ஆடு என்போம். ஐந்து வருஷத்தில் ஐந்து போய்விட்டன. சிலது பாறையிலிருந்து விழுந்து, சிலது நோயில். அத்தை மட்டும் மிச்சம்.

என் வேலை கேட்பது. தகரக் கூரை போட்ட ஒரே அறைதான் அலுவலகம். சுவர் முழுக்கத் தீவின் வரைபடம், ஒரு மூலையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரிகள், ஆபீசரின் மேஜை, என் மேஜை. தினமும் காலையில் மீன்முள் மாதிரி இருக்கும் ஆண்டெனாவைத் தூக்கிக்கொண்டு இரண்டு குன்றுகளில் ஏறி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்தத் திசையில் டிக் டிக் பலமாகக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் வரைபடத்தில் ஒரு சிவப்புக் குண்டூசி. அவ்வளவுதான். ஐந்து வருஷம் ஒரு ஜீவனின் சத்தத்தைக் காதோடு வைத்துக் கேட்டால், அது எப்போது நடக்கிறது, எப்போது தலையைக் குனிந்து மேய்கிறது என்பதெல்லாம் அத்துப்படியாகிவிடும். என் மகள் போனில் பேசும்போதுகூட நான் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்குக் குழந்தை பிறந்து, நாங்கள் இருவரும் லீவு போட்டுக் கரைக்குப் போனோம். இவர் பேத்தியின் பக்கத்தில் ஆசையாகத்தான் உட்கார்ந்தார். குழந்தை வீரிட்டு அழுததும் முகம் வெளுத்துப்போய் எழுந்து தெருவுக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். எதிர்க் கடையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"குட்டி கத்துற மாதிரியே இருக்கு," என்றார்.

"எல்லாக் குழந்தையும் அப்படித்தாங்க அழும்."

"அதான் சொல்றேன்." தெருவையே பார்த்துக்கொண்டு சொன்னார். "இது முடியட்டும். துப்பாக்கிய ஒப்படைச்சிட்டு வந்து தூக்கிக்கிறேன். இப்ப வேணாம்மா."

அந்தப் பயணத்தில் அவர் பேத்தியைத் தூக்கவே இல்லை. மகள் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டாள். "பொண்ணாப் பொறந்ததுல அப்பாவுக்கு வருத்தமா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். தீவு சுத்தம் என்று ஒரு காகிதம் வர வேண்டும். இவர் துப்பாக்கியைக் கீழே வைக்க வேண்டும்.

அந்தக் காகிதத்துக்கும் ஒரு விதி இருந்தது. கடைசித் துப்பு ஆடு பன்னிரண்டு மாதம் தீவு முழுக்கத் திரிந்தும் இன்னொரு ஆட்டைக் கண்டுபிடிக்கவில்லை என்றால், ஆடு இல்லை என்று அர்த்தம். கேமராக்கள் வைத்திருந்தோம், உப்புக் காற்றில் பாதி செத்துப்போயின. ஆகவே அத்தை ஒரு வருஷம் தனியாக இருந்தாக வேண்டும். அதன் தனிமைதான் அரசாங்கத்துக்கு அத்தாட்சி.

வருஷம் தொடங்கியது. முதல் மூன்று மாதம் அத்தை தெற்கையும் கிழக்கையும் மேற்கையும் சல்லடை போட்டுத் தேடியது. நாளுக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர். எனக்குக் குண்டூசி போதவில்லை, படகுக்காரரிடம் சொல்லி இன்னொரு டப்பா வாங்கினேன். மாதம் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்பதும் விதி. முந்நூறு மீட்டருக்குள் போகக்கூடாது, காற்று நம் பக்கம் வீச வேண்டும், பைனாகுலரில் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிவிட வேண்டும். இவரை அனுப்பினால் துப்பாக்கி ஆள் என்று ஆடு மிரளும், அதனால் நான் போனேன்.

மூன்றாம் மாதம் போனபோது அத்தை தீவின் நடுவில், முகட்டுக்குப் போகும் ஏற்றத்தில், ஒரு பாறைமேல் நின்றுகொண்டிருந்தது. இளைத்துப்போயிருந்தது. நின்ற இடத்திலேயே சுற்றி ஒவ்வொரு திசையாகப் பார்த்துக் கத்தும். கத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். நான் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டேன், பார்க்க முடியவில்லை. எழுந்தபோது காலடியில் கல் சரிந்தது. அது என்னைப் பார்த்துவிட்டது.

ஓடும் என்றுதான் நினைத்தேன். அது ஓடி வந்தது. இருபது அடி தள்ளி நின்று என்னைப் பார்த்து ஒருமுறை கத்தியது. நானும் மனுஷிதானே. என் பையில் மதியத்துக்கு வைத்திருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துப் போட்டேன். ரொட்டியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் வந்து படுத்து அசைபோட ஆரம்பித்தது.

அவ்வளவுதான் நான் செய்தது. இல்லை, பொய். அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரம் இரண்டு முறை. காலையில் ஆண்டெனாவோடு கிளம்பினால் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். மகளிடம் சொல்ல முடியாததை, இவரிடம் கேட்க முடியாததை எல்லாம் அதனிடம் வாய்க்கு வந்தபடி சொல்வேன். அது என் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணைப் பாதி மூடிக் கேட்கும். அதற்கு உடம்பு தேறியது. எனக்கும்தான்.

பதிவேட்டில் "தனியாக இருக்கிறது. வேறு ஆடு தென்படவில்லை" என்று மாதாமாதம் எழுதினேன். ஒரு வார்த்தை பொய்யில்லை. குண்டூசிகள் அந்த ஏற்றத்தைச் சுற்றியே விழ ஆரம்பித்ததைப் பார்த்து ஆபீசர், "தேடித் தேடி அலுத்துப்போச்சு போலக்கா. இனிமே ஒண்ணும் இல்லைன்னு அதுக்கே தெரிஞ்சிடுச்சு," என்று சந்தோஷப்பட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். இவ்வளவு வருஷம் இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவள் நான். அது ஏன் தேடுவதை நிறுத்தியது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்காமல் இருந்தது சௌகரியமாக இருந்தது.

பதினோராம் மாதம். இவர் அதற்குள் வீட்டுச் சாமான்களில் பாதியைக் கட்டி வைத்துவிட்டார். பேத்திக்கு மரத்தில் ஒரு நடைவண்டி செய்து, சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு, சிமெண்டுத் தரையில் உருட்டி உருட்டிப் பார்ப்பார். முகத்தில் பழைய களை வந்திருந்தது. "இன்னும் நாலு வாரம்," என்று காலண்டரைப் பார்க்காமலேயே சொல்வார்.

அந்த வாரம்தான் பறவை எண்ண வந்த பெண் வடக்குச் சரிவிலிருந்து திரும்பினாள். கயிறு கட்டி இறங்கிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பறவைக்காரி என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவோம். வழக்கமாக உள்ளே நுழையும்போதே டீ கேட்பாள். அன்றைக்குக் கேட்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையை ஆபீசர் மேஜையில் வைத்தாள். உள்ளே ஆட்டுப் புழுக்கை. இன்னும் ஈரம் காயவில்லை.

"பெருசும் இருக்கு, சின்னதும் இருக்கு சார்," என்றாள். "குட்டிங்க இருக்கு."

ஆபீசர் எழுந்து வரைபடத்துக்குப் போனார். "வடக்கா? முகட்டைத் தாண்டினா நாலு கிலோமீட்டர்கூட இல்லையே. அத்தை எப்படி விட்டுச்சு?" விரலைக் குண்டூசிகள் வழியே நகர்த்திக்கொண்டே போனார். தெற்கு, கிழக்கு, மேற்கு, பிறகு நடுவில் முகட்டை நோக்கி ஏறும் வரிசை. ஏற்றத்தில் வந்து அது நின்றுவிட்டது. எட்டு மாதக் குண்டூசிகள் ஒரு கைக்குட்டையால் மூடிவிடக்கூடிய இடத்தில் குவிந்திருந்தன. "வடக்க போகத்தான் கிளம்பியிருக்கு. போகவே இல்லையே. எது நிறுத்தியிருக்கும்?"

அது வடக்குப் பக்கம் திரும்பிய வாரத்தில்தான் நான் ரொட்டியோடு போயிருக்கிறேன். உறவு தேடிப் போன ஆட்டுக்கு நடுவழியில் நான் உறவாகிவிட்டேன். இவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வரைபடத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். என் புடவையில் ஒட்டியிருக்கும் ஆட்டு ரோமத்தை எத்தனை நாள் பார்த்தாரோ, அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"நான்தான் நிறுத்தினேன்," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி அழுது தீர்த்திருப்பேன். ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வருஷத்த முதல்லேருந்து ஆரம்பிக்கணும்க்கா," என்றார். "அதுக்கு முன்னாடி வடக்க இருக்கிறத எடுக்கணும். வேற ஆள் கேட்டா வர ஆறு மாசம் ஆகும். அதுக்குள்ள இன்னொரு ஈத்து குட்டி போட்டுரும்." இவரை நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னார்.

"நான் போறேன் சார்," என்றார் இவர்.

பன்னிரண்டு நாள் வடக்கில் தங்கினார். திரும்பி வந்ததும் ஆபீசரிடம் பதினேழு என்றார். எட்டு பெரியது, ஒன்பது குட்டி. நான் கணக்கில் புலி இல்லை, ஆனாலும் இந்தக் கணக்கு எனக்கு உடனே புரிந்தது. எட்டு மாதம் முன்னால் அத்தை அங்கே போயிருந்தால் எட்டோடு முடிந்திருக்கும். அந்த ஒன்பதும் பிறந்தே இருக்காது. நான் ஒன்றின்மேல் இரக்கப்பட்டதில் ஒன்பது பிறந்து வந்து செத்தன. அதையும் இவர் கையாலேயே. வீட்டுக்கு வந்தவர் நடைவண்டியைத் துணி போட்டு மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. டீ கொடுத்தால் வாங்கிக் குடித்தார்.

மிச்சம் இருந்தது அத்தை. புதிதாக இரண்டு துப்பு ஆடுகள் கரையிலிருந்து வருகின்றன என்றார் ஆபீசர். நான் வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். "அது ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே சார். குட்டி போடாது. வயசும் ஆயிடுச்சு."

"இருந்தா, புதுசு ரெண்டும் நேரா அதுகிட்ட போய் ஒட்டிக்கும்க்கா. அதுக்கப்புறம் எதையும் தேடாது. உங்களுக்கே தெரியும்."

"கரைக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். என் செலவுல."

"இந்தத் தீவு ஆடு கரைக்குப் போகக்கூடாது. நோய்ச் சட்டம். அதுவும் உங்களுக்குத் தெரியும்."

தெரியும். அந்தச் சட்டத்தை டைப் அடித்துச் சுவரில் ஒட்டியவளே நான்தான்.

இவர் முதலில் தனியாகத்தான் போனார். நீ வராதே என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அத்தைக்கு இவரை ஐந்து வருஷமாகத் தெரியும். இவர் உருவம் தெரிந்த இடத்திலெல்லாம் என்ன நடந்தது என்று அதற்கு ஞாபகம் இருந்தது. தூரத்தில் பார்த்ததுமே பாறை விளிம்புக்கு ஓடிவிட்டது. இரண்டு நாள் இதே கதை. சுடலாம், ஆனால் அந்தத் தூரத்தில் ஒரே குண்டில் முடியாமல் போகலாம், அடிபட்டுக் கீழே விழுந்து பாறை இடுக்கில் நாள் கணக்கில் கிடக்கலாம். அப்படி ஒன்றை ஒருமுறை பார்த்திருக்கிறோம். மூன்றாம் நாள் காலை இவர் கட்டிலில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் வரேங்க," என்றேன். "நான் கூப்பிட்டா வந்துடும்."

அவர் கயிற்றை விரலில் சுற்றினார்.

"நானே பண்ணிடறேன். எப்படின்னு மட்டும் காட்டுங்க. என் தப்புக்கு நீங்க எத்தனை வாட்டி..."

"வேணாம்மா." குனிந்து கயிற்றைக் கட்டினார். "இந்த வீட்டுல ஒரு ஆளுக்கு இது பழகினது போதும்."

ஏற்றத்துக்கு நான் முன்னால் போனேன். காற்று எதிரே வீசியது. இவர் நிறையப் பின்தங்கி, பாறைகளை ஒட்டிக் குனிந்து வந்தார். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, "அத்தே," என்று கூப்பிட்டேன். மூன்று வாரமாக நான் அங்கே போயிருக்கவில்லை. அது ஓடி வந்த ஓட்டத்தை என்னால் எந்த ஜென்மத்திலும் மறக்க முடியாது. வந்து என் தோளில் ஒருமுறை முட்டியது, கோபித்துக்கொள்கிற மாதிரி. பிறகு படுத்து, முழங்காலில் தாடையை வைத்தது.

கழுத்தில் கை வைத்துச் சொறிந்துகொடுத்தேன். பட்டைக்குக் கீழே ரோமம் தேய்ந்து தோல் வழுவழுவென்று இருந்தது. அதனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. எட்டு மாதம் ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் சொன்ன வாய்க்கு ஒன்றும் வரவில்லை. மனசு மட்டும் மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ என்று அடித்துக்கொண்டது. அசைபோடும் தாடை என் முழங்காலில் ஒரே சீராக அசைந்துகொண்டிருந்தது.

பின்னால் இவர் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. அதற்குத் தெரியவில்லை. நான் இருக்கும்போது அது சுற்றுமுற்றும் பார்ப்பதையே விட்டுவிட்டிருந்தது.

"கைய எடும்மா," என்றார், மெதுவாக.

என்னால் முடியவில்லை. கை அங்கேயே இருந்தது.

"எடும்மா. பேச்சுச் சத்தத்துக்கு எழுந்துரும்." அவர் குரல் நடுங்கியது. பேத்தி அழுத அன்று தெருவில் நின்று பேசிய குரலும் இப்படித்தான் நடுங்கியது. இதை இன்னும் நீட்டினால் அவர் தாங்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

கையை எடுத்தேன்.

அது தலையைத் தூக்கி, கை எங்கே போயிற்று என்று என்னைப் பார்த்தது.